லைட் எதுவரை வருது?

வாசகர் கேள்வி – பதில்: இந்த மாதம் கணினி வலையமைப்பு

கேபிள், வைஃபை, இன்டர்நெட் பற்றி எதுவானாலும் எழுதிக் கேளுங்கள் என்று போன இதழில் சொல்லியிருந்தோம். தபாலிலும் வாட்ஸ்அப்பிலும் வந்தவற்றில் ஏழு கேள்விகளை எடுத்துக்கொண்டேன். புதிய வாசகர்களுக்கு என்னைப் பற்றி இரண்டு வரி. 1998-ல் விருதுநகர் மாவட்டத்தில் ஒரு கல்லூரியின் கணினி லேபில் உதவியாளராகச் சேர்ந்தேன். பிறகு ஃபைபர் வேலைக்குப் போனேன். ஒளியில் தகவலைக் கொண்டுபோகும் கண்ணாடி இழைக் கேபிள்தான் ஃபைபர். பதினேழு வருஷம் கேபிள் இழுத்து, ஜாயிண்ட் அடித்து, வரைபடம் போட்டேன். இப்போது பாலிடெக்னிக் பிள்ளைகளுக்கு ஸ்ப்ளைசிங், அதாவது அந்த இழைகளை ஒட்டும் வேலை, சொல்லித் தருகிறேன். எங்கள் தொழிலில் பழுது என்று போன் வந்தால் வாயில் முதலில் வருவது ஒரே கேள்விதான்: "லைட் எதுவரை வருது?" கீழே உள்ள பல பதில்களும் அந்தக் கேள்வியிலிருந்துதான் தொடங்குகின்றன.

அக்கா, லேன், மேன், வேன், பேன் என்று நான்கு வகை வலையமைப்புகளைப் பரீட்சைக்குப் படிக்கிறேன். எல்லாவற்றுக்கும் தூரத்தை வைத்தே விளக்கம் இருக்கிறது. எங்கள் வீட்டில் இருப்பது இதில் எது?
– பிளஸ் டூ மாணவி, பரமக்குடி

நான்குமே உங்கள் வீட்டைத் தொடுகின்றன, அம்மா.

காதில் ப்ளூடூத் இயர்போன் மாட்டிப் பாட்டுக் கேட்கிறீர்கள். போனுக்கும் இயர்போனுக்கும் நடுவே உள்ள அந்தச் சின்ன வலைதான் பேன். பத்து மீட்டர் தள்ளிப் போனால் பாட்டு விட்டு விட்டுக் கேட்கும். அதே போன், அப்பாவின் போன், டிவி எல்லாம் ஒரே வைஃபை பெட்டியில் சேர்கின்றன அல்லவா, அது லேன். அந்தப் பெட்டியிலிருந்து ஒரு மெல்லிய கறுப்பு ஒயர் ஜன்னல் வழியாக வெளியேறி, கம்பத்துக்குக் கம்பம் தாண்டி கேபிள்காரர் அலுவலகத்துக்குப் போகிறது. ஊர் முழுவதும் இப்படிப் பரவியிருக்கும் அவருடைய வலையை மேன் என்று சொல்லலாம். அங்கிருந்து மதுரை, சென்னை, கடல் தாண்டிச் சிங்கப்பூர் என்று விரிவது வேன்.

பரீட்சையில் தூரத்தையே எழுதுங்கள், மதிப்பெண் அதற்குத்தான். ஆனால் மனதுக்குள் வேறொரு கேள்வியையும் வைத்துக்கொள்ளுங்கள்: இந்தத் துண்டு ஒயர் யாருடைய பொறுப்பு? வைஃபை பெட்டிவரை உங்கள் பொறுப்பு. ஜன்னலுக்கு வெளியே கேபிள்காரர். ஊருக்கு வெளியே அவருக்கு மேலே இருக்கும் நிறுவனம். தூரத்தைவிட இந்தப் பொறுப்பின் எல்லைதான் ஒரு வலையை இன்னொன்றிலிருந்து பிரிக்கிறது என்பது என் அனுபவம். பழுது வந்தால் யாருக்குப் போன் போடுவது என்பதும் இதை வைத்துத்தான் தெரியும்.

பஸ், ஸ்டார், ரிங் என்று வடிவங்கள் படித்தோம். பஸ் வடிவம் எங்காவது நிஜமாகப் பயன்பட்டதா, புத்தகத்தில் மட்டும்தானா?
– டிப்ளமோ மாணவர், சிவகாசி

நான் வேலைக்குச் சேர்ந்த லேப் பஸ் வடிவம்தான், தம்பி. இருபத்திநான்கு கணினிகள், பென்சில் பருமனில் ஒரே கறுப்பு கோஆக்சியல் ஒயர். ஒவ்வொரு கணினியின் பின்னாலும் ஒரு டி வடிவ இணைப்பான். ஒயர் ஒரு கணினிக்குள் நுழைந்து, வெளியே வந்து, அடுத்ததற்குப் போகும். இரண்டு முனைகளிலும் சுண்டுவிரல் நுனி அளவில் 50 ஓம் டெர்மினேட்டர் என்று ஒரு மூடி இருக்கும். ஒரு வரிசை 185 மீட்டருக்கு மேல் போகக் கூடாது.

அந்த மூடி எதற்கு? ஒயரில் ஓடும் சமிக்ஞை முனையை அடைந்ததும், கிணற்றுக்குள் கத்தினால் குரல் திரும்புவதுபோல எதிரொலித்து, பின்னால் வருவதோடு மோதிவிடும். டெர்மினேட்டர் அதை உறிஞ்சிக்கொள்ளும். முனையில் மூடி கழன்றாலும், நடுவில் ஒரு டி இணைப்பு தளர்ந்தாலும், இருபத்திநான்கும் ஒரே நேரத்தில் செத்துவிடும்.

செய்முறைத் தேர்வு நாளன்று அப்படி ஆனது. மாணவர்கள் உட்கார்ந்திருக்க, மேசைக்கு அடியில் தவழ்ந்து போனேன். எந்த இணைப்பு தளர்ந்தது என்று பார்த்தால் தெரியாது. அதனால் வரிசையின் சரிபாதியில், பன்னிரண்டாவது கணினியில் ஒயரைக் கழற்றி அங்கே ஒரு டெர்மினேட்டரை மாட்டினேன். முன்பாதி உயிர் பெற்றது. அப்படியானால் பழுது பின்பாதியில். அதிலும் நடுவில் கழற்றினேன். நான்காவது தடவையில் பத்தொன்பதாவது கணினி பிடிபட்டது. யாருடைய காலோ பட்டு டி இணைப்பின் பூட்டு அரைச்சுற்று திரும்பியிருந்தது. "எதுவரை வருது" என்று கேட்கும் பழக்கம் எனக்கு அங்கேதான் வந்தது.

இன்று உங்கள் லேபில் இருப்பது ஸ்டார். ஒவ்வொரு கணினியிலிருந்தும் தனி ஒயர் ஸ்விட்ச் என்ற நடுப்பெட்டிக்குப் போகிறது. ஒன்று அறுந்தால் ஒன்றுதான் போகும். ஒயர் கூடுதலாகச் செலவானாலும் ஊர் மொத்தமும் இந்த வடிவத்துக்கு மாறியதற்குக் காரணம் அதுதான்.

நான் ஆர்.எம்.எஸ்.-இல் (ரயில்வே தபால் பிரிவு) கடிதங்களைப் பிரிக்கும் சார்ட்டிங் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். பேரன் எனக்கு வாட்ஸ்அப்பில் போட்டோ அனுப்புகிறான். அது முழுப் போட்டோவாகவே கம்பியில் போகிறதா? வழியை யார் தீர்மானிக்கிறார்கள்? எங்கள் காலத்தில் நாங்கள் பை கட்டி ரயிலேற்றியதுபோல இதற்கும் யாராவது இருக்கிறார்களா?
– ஓய்வுபெற்ற தபால் ஊழியர், விழுப்புரம்

ஐயா, இந்தக் கேள்வியைப் படித்ததும் எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று சொல்லி முடியாது. வலையமைப்பைப் புரிந்துகொள்ள உங்கள் அளவுக்குத் தயாரானவர்கள் குறைவு.

போட்டோ முழுசாகப் போவதில்லை. நிஜத்தில் அது நடுவில் வாட்ஸ்அப் நிறுவனத்தின் கணினிக்குப் போய், அங்கிருந்து உங்களுக்கு வருகிறது. இரண்டு கட்டத்திலும் நடப்பது ஒன்றுதான், அதனால் எளிமைக்காக நேராக வருவதாகவே சொல்கிறேன். 3 எம்.பி. போட்டோ என்று வைத்துக்கொள்வோம். பேரனுடைய போன் அதைச் சுமார் இரண்டாயிரம் துண்டுகளாக வெட்டுகிறது. ஒரு துண்டு அதிகபட்சம் 1,500 பைட். ஈதர்நெட் வலைகளில் காலங்காலமாக இருக்கும் அளவு அது. ஒவ்வொரு துண்டுக்கும் தனி உறை: அனுப்புநர் முகவரி, பெறுநர் முகவரி, வரிசை எண். இந்த உறையிட்ட துண்டைத்தான் பாக்கெட் என்கிறோம். செய்தியைத் துண்டாக்கி அனுப்பலாம் என்று 1960-களில் அமெரிக்காவில் பால் பாரனும் பிரிட்டனில் டொனால்ட் டேவிஸும் ஒருவரையொருவர் அறியாமலே யோசித்தார்கள். பாக்கெட் என்ற பெயர் டேவிஸ் வைத்தது.

வழியைத் தீர்மானிப்பவர் என்று ஒருவர் இல்லை. பின்கோடை நினைத்துக்கொள்ளுங்கள். 1972 ஆகஸ்ட் 15-ல் அது வந்தபோது உங்கள் வேலை எப்படி மாறியது என்று நீங்கள்தான் எனக்குச் சொல்ல வேண்டும். டெல்லியில் உட்கார்ந்து பிரிப்பவருக்கு சிவகாசி எந்தத் திசை என்றே தெரிய வேண்டாம். முதல் எண் 6 என்றால் தெற்கே போகும் பையில் போட்டால் போதும். 626 என்பது விருதுநகர்ப் பக்கம் என்று பார்க்க வேண்டியவர் தமிழ்நாட்டுக்குள் இருப்பவர். கடைசி மூன்று எண்களைப் பார்க்க வேண்டியவர் இன்னும் கிட்டே இருப்பவர். வலையில் ஒவ்வொரு கருவிக்கும் உள்ள எண் முகவரியான ஐபி முகவரியும் இப்படித்தான். வழியில் நின்று பாக்கெட்டுகளைத் திசை பிரிக்கும் கருவிக்கு ரவுட்டர் என்று பெயர். அது எல்லா முகவரிகளையும் முழுதாக மனப்பாடம் செய்து வைத்திருப்பதில்லை. முன்பகுதியைப் பார்த்து, தன்னிடம் உள்ள பட்டியலில் எது அதிக எழுத்துவரை பொருந்துகிறதோ அந்தப் பக்கம் தள்ளிவிடுகிறது. அடுத்த ரவுட்டர் தன் பங்குக்கு அதையே செய்கிறது. ஒவ்வொருவருக்கும் தெரிந்தது அடுத்த ஒரு படிதான். முழு வழியும் தெரிந்தவர் உலகத்தில் யாருமில்லை, ஆனாலும் பாக்கெட் போய்ச் சேருகிறது. இருபத்தெட்டு வருஷமாகப் பார்க்கிறேன், இன்னும் எனக்கு ஆச்சரியம் தீரவில்லை.

ஒரு இடத்தில் உங்கள் ஆபீஸும் இதுவும் அடியோடு வேறு. பை நிரம்பிவிட்டால் நீங்கள் கடிதத்தைத் தூக்கி எறிய மாட்டீர்கள். அடுத்த வண்டிக்கு வைப்பீர்கள். ஒன்று தொலைந்தால் விசாரணை வரும். ரவுட்டர் அப்படியில்லை. அதன் நினைவகத்தில் பாக்கெட்டுகள் சில மில்லிவிநாடிகள்தான் காத்திருக்க முடியும். இடம் நிரம்பினால் அடுத்து வருவதைக் கீழே போட்டுவிடும், யாருக்கும் சொல்லாது. அதைக் கண்டுபிடிக்க வேண்டிய வேலை இரண்டு முனைகளுக்கும் உரியது. உங்கள் போன், வந்து சேர்ந்த துண்டுகளுக்கு ஏ.டி. கார்டு போல ஒப்புகை அனுப்பிக்கொண்டே இருக்கும். ஒப்புகை வராத துண்டைப் பேரனுடைய போன் மறுபடியும் அனுப்பும், ஏனென்றால் ஒப்புகை வரும்வரை நகலைக் கையில் வைத்திருக்கும். துண்டுகள் முன்பின்னாக வந்தாலும் வரிசை எண்ணைப் பார்த்து உங்கள் போன் அடுக்கிக்கொள்ளும். இந்த ஒழுங்குக்குப் பெயர் டி.சி.பி. விண்டன் செர்ஃப், ராபர்ட் கான் இருவரும் 1974-ல் எழுதிய கட்டுரையில் இதன் அடிப்படை இருக்கிறது. வாய்வழிப் பேச்சுக்கும் வீடியோ காலுக்கும் இவ்வளவு ஒழுங்கு உதவாது. அரை விநாடி கழித்து வரும் சொல்லால் யாருக்குப் பயன்? அதற்குச் சாதாரணத் தபால் போல ஒப்புகை இல்லாத யூ.டி.பி. இருக்கிறது.

மறுபடி மறுபடி அனுப்புவதிலும் ஒரு ஆபத்து உண்டு. 1986 அக்டோபரில் கலிபோர்னியாவில் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்துக்கும் பெர்க்லி பல்கலைக்கழகத்துக்கும் நடுவே, நடந்தே போகக்கூடிய தூரம், நானூறு கஜம்தான், விநாடிக்கு 32,000 பிட் போய்க்கொண்டிருந்த இணைப்பு திடீரென்று 40 பிட்டுக்கு விழுந்தது. எங்கும் ஒயர் அறுபடவில்லை. நெரிசலில் பாக்கெட்டுகள் விழ, எல்லாக் கணினிகளும் அவற்றைத் திரும்ப அனுப்ப, நெரிசல் இன்னும் கூட, இன்னும் விழுந்தன. வான் ஜேகப்சன் என்பவர் அதைத் துருவி ஆராய்ந்து, 1988-ல் தீர்வை எழுதினார்: அனுப்புபவர் கொஞ்சமாகத் தொடங்கி, ஒப்புகை வர வர வேகத்தைக் கூட்ட வேண்டும். துண்டு தொலைந்தால் அதை நெரிசலின் அடையாளமாக எடுத்துக்கொண்டு தானாகவே வேகத்தைக் குறைக்க வேண்டும். உங்கள் பேரனின் போனும் இன்றுவரை அந்த மரியாதையோடுதான் அனுப்புகிறது. யாரும் கட்டாயப்படுத்தாமல் கோடிக்கணக்கான கருவிகள் ஒருவருக்கொருவர் வழிவிடுகின்றன, ஐயா.

எங்கள் கடையில் ஃபைபர் இணைப்பு. மாதத்துக்கு ஒரு தடவை பெட்டியில் எல்.ஓ.எஸ். என்ற இடத்தில் சிவப்பு லைட் எரிகிறது. ஆள் வந்து சரிசெய்துவிட்டுப் போகிறார், என்ன செய்தார் என்று சொல்வதில்லை. இதே ஒயரில் பக்கத்துக் கடைக்கும் போகிறது என்கிறார்கள். என் தகவல் அவருக்குத் தெரியுமா?
– ஜெராக்ஸ் கடைக்காரர், கமுதி

எல்.ஓ.எஸ். என்றால் வெளிச்சம் வரவில்லை என்று பொருள். ஃபைபரில் ஓடுவது மின்சாரம் இல்லை, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளி. அந்த ஒளி ஓடும் கண்ணாடியின் நடுப்பகுதி 9 மைக்ரான், சுற்றியுள்ள கண்ணாடியையும் சேர்த்து 125 மைக்ரான். ஒரு தலைமுடியைவிடக் கொஞ்சம்தான் தடிமன்.

அந்த ஆள் என்ன செய்தார் என்று நான் சொல்கிறேன். முதலில் பவர் மீட்டரை மாட்டி வெளிச்சத்தை அளந்திருப்பார். ஒளியின் அளவைச் சொல்லும் டி.பி.எம். கணக்கில் மைனஸ் 20 பக்கம் இருந்தால் நல்லது, மைனஸ் 27-ஐத் தாண்டிக் குறைந்தால் பெட்டி திணறும். ஒயரை ஆணியில் மடக்கிக் கட்டியிருந்தாலே வெளிச்சம் வளைவில் கசிந்துவிடும். அறுந்திருந்தால் ஓ.டி.டி.ஆர். கருவியால் ஒளித்துடிப்பை அனுப்பி, அது திரும்பிவரும் நேரத்தை வைத்து எத்தனை மீட்டரில் பழுது என்று பார்ப்பார். பிறகு ஜாயிண்ட்.

ஜாயிண்ட் அடிப்பதை ஒருநாள் நின்று பாருங்கள். மேலுறையை உரித்து, கண்ணாடியின் மேல் உள்ள பூச்சை ஸ்ட்ரிப்பரால் ஒரே இழுப்பில் எடுக்க வேண்டும். ஸ்பிரிட் நனைத்த துணியால் துடைக்கும்போது கண்ணாடி 'கீச்' என்று சத்தம் போடும். அந்தச் சத்தம் வந்தால்தான் சுத்தம் என்று என் பிள்ளைகளுக்குச் சொல்வேன். அதற்கப்புறம் கிளீவரில் வைத்து நுனியைச் செங்குத்தாக வெட்ட வேண்டும். விழுந்த துண்டை உடனே மூடியுள்ள டப்பாவில் போட வேண்டும். தரையில் விழுந்தால் கண்ணுக்குத் தெரியாது, காலில் ஏறினால் எடுக்க முடியாது. இரண்டு நுனிகளையும் மெஷினில் வைத்து மூடினால், திரையில் இரண்டு பெரிய தூண்கள் மாதிரித் தெரியும். மெஷின் அவற்றை நேர்க்கோட்டுக்குக் கொண்டுவந்து ஒரு மின்பொறியால் உருக்கி ஒட்டும். ஒரு கணம் வெள்ளையாக மின்னி, இரண்டு தூண்கள் ஒன்றாகிவிடும். இழப்பு 0.02 டெசிபெல் என்று காட்டினால் நல்ல ஜாயிண்ட். 0.2 என்று காட்டினால் அதை வெட்டிவிட்டு மறுபடி அடிக்க வேண்டும். அவசரத்தில் மோசமான ஜாயிண்ட்டை அப்படியே விட்டுவிட்டுப் போனாலும் இப்படி அடிக்கடி சிவப்பு லைட் எரியலாம். அடுத்த தடவை அவரிடம், "மீட்டர்ல எவ்வளவு காட்டுது தம்பி?" என்று கேட்டுத் தேதி போட்டு எழுதி வையுங்கள். அந்த எண் மாதாமாதம் மைனஸ் 20-லிருந்து மைனஸ் 27 பக்கமாக இறங்கினால் பழுது உங்கள் பெட்டியில் இல்லை, வழியில் எங்கோ ஒரு ஜாயிண்ட்டிலோ வளைவிலோ இருக்கிறது.

பக்கத்துக் கடை விஷயம் உண்மைதான். கேபிள்காரர் அலுவலகத்திலிருந்து வரும் ஒரே இழையை, கம்பத்தில் உள்ள ஸ்ப்ளிட்டர் 32-ஆகவோ 64-ஆகவோ பிரிக்கிறது. அந்த ஸ்ப்ளிட்டருக்கு மின்சாரமே கிடையாது. வெளிச்சத்தைப் பங்கு போடும் வெறும் கண்ணாடி அது. ஆகவே உங்களுக்கு வரும் தகவல் எல்லாப் பெட்டிகளுக்கும் போகிறது. ஆனால் முறைப்படி அமைத்திருந்தால் ஒவ்வொரு பெட்டிக்கும் தனித்தனிப் பூட்டுச்சாவி போட்டுத்தான் அனுப்புவார்கள், பக்கத்துக் கடைப் பெட்டியால் உங்களுடையதைத் திறக்க முடியாது. நீங்கள் அனுப்பும்போது எல்லாரும் ஒரே நேரத்தில் ஒளியைப் போட்டால் மோதுமே? அதனால் விநாடிக்கு 8,000 சுற்று வைத்து, ஒவ்வொரு சுற்றிலும் யார் எந்த நொடித்துகளில் பேசலாம் என்று கேபிள்காரர் அலுவலகத்தில் உள்ள தலைமைப் பெட்டி முறை ஒதுக்குகிறது. உங்கள் முறை வராத நேரத்தில் உங்கள் பெட்டியின் ஒளி அணைந்திருக்கும்.

மகன் சிங்கப்பூரில் இருக்கிறான். அவனோடு வீடியோ காலில் பேசினால் பளிச்சென்று இருக்கிறது. பத்து கிலோமீட்டரில் இருக்கும் என் தங்கை பேசினால் முகம் உறைந்து நிற்கிறது. இது எப்படி?
– இல்லத்தரசி, அறந்தாங்கி

சென்னையிலிருந்து சிங்கப்பூருக்குக் கடலடியில் நேராகவே கேபிள் இருக்கிறது. முதலாவதாக வந்த ஐ2ஐ கேபிள் 2002-ல் தொடங்கியது, நீளம் சுமார் 3,200 கிலோமீட்டர். ஆழ்கடலில் அதன் பருமன் தோட்டத்துக்குத் தண்ணீர் விடும் ஹோஸ் அளவுதான். வழி நெடுக ஒளியைப் பெருக்கும் கருவிகள் கடல் தரையில் கிடக்கின்றன. அவற்றுக்கு மின்சாரம் கரையிலிருந்து அதே கேபிளுக்குள் போகிறது. கண்ணாடிக்குள் ஒளி விநாடிக்கு ஏறத்தாழ 2 லட்சம் கிலோமீட்டர் ஓடும். அப்படியானால் அந்தக் கடலைத் தாண்ட 16 மில்லிவிநாடி, போய்வர 32. உங்களுக்குக் கண் இமைக்க இதைவிட அதிக நேரமாகும். கடல் ஒரு தடையே இல்லை, அம்மா.

தடை பெரும்பாலும் வீட்டுக்குள் இருக்கிறது. வைஃபையில் ஒரே அலைவரிசையில் ஒரு நேரத்தில் பொதுவாக ஒரு கருவிதான் பேச முடியும், மற்றவை காத்திருக்க வேண்டும். தங்கை வீட்டில் பெட்டி இரும்பு பீரோவுக்குப் பின்னால் இருக்கிறதா என்று கேளுங்கள். முதலில் பெட்டிக்குப் பக்கத்தில் நின்று பேசிப் பார்க்கட்டும். சரியாக இருந்தால் பழுது காற்றில். அங்கேயும் உறைந்தால், எல்லாப் போன்களின் வைஃபையையும் அணைத்துவிட்டு ஒன்றில் மட்டும் பேசட்டும். அப்போதும் உறைந்தால் ஜன்னலுக்கு வெளியே பழுது, கேபிள்காரரைக் கூப்பிடலாம்.

இன்னொன்று. நீங்களும் தங்கையும் வேறு வேறு நிறுவனத்தின் இணைப்பு வைத்திருந்தால், அந்தப் பத்து கிலோமீட்டரைத் தாண்ட உங்கள் முகம் சென்னைவரை போய்த் திரும்பி வரலாம். இரண்டு நிறுவனங்களின் வலைகளும் எங்கே கைகுலுக்குகின்றனவோ அங்கேதான் பாக்கெட் மாற முடியும். உள்நாட்டுத் தகவல் வெளிநாடு போய்ச் சுற்றி வராமல் இருக்கத்தான் 2003-ல் நிக்ஸி என்ற பரிமாற்ற அமைப்பை இந்தியாவில் தொடங்கினார்கள். சென்னையிலும் அதன் பரிமாற்ற நிலையம் உண்டு.

நான் போர்ட் பிளேரில், இப்போது ஸ்ரீ விஜயபுரம் என்கிறார்கள், பிறந்து வளர்ந்த தமிழன். சில வருஷங்களுக்கு முன்புவரை சென்னையில் உள்ள சித்தப்பாவோடு பேசினால் ஒவ்வொரு கேள்விக்கும் நடுவில் ஒரு மௌனம் விழும். அது ஏன் வந்தது, ஏன் போனது?
– பள்ளி ஆசிரியர், அந்தமான்

ஆசிரியர் ஐயா, அந்த மௌனத்தைக் கணக்கிட்டுக் காட்டலாம், வகுப்பில் பிள்ளைகளுக்கும் சொல்லுங்கள். அப்போது தீவுகள் செயற்கைக்கோளை நம்பியிருந்தன. ஒரே இடத்தில் நிற்பதுபோலத் தெரியும் செயற்கைக்கோள் நிலநடுக்கோட்டுக்கு மேல் 35,786 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கும். உங்கள் குரல் மேலே போய்க் கீழே வர 71,000 கிலோமீட்டருக்கு மேல். விநாடிக்கு 3 லட்சம் கிலோமீட்டர் என்றாலும் கால் விநாடி ஆகிறது. சித்தப்பா பதில் சொன்னால் இன்னொரு கால் விநாடி. ஆக, "சாப்பிட்டீங்களா" என்று நீங்கள் கேட்டுவிட்டு அரை விநாடி காத்திருந்தது அவர் யோசித்ததால் இல்லை.

சென்னையையும் அந்தமான் நிக்கோபாரையும் இணைக்கும் கடலடி ஃபைபர் கேபிள், சுமார் 2,300 கிலோமீட்டர், 2020 ஆகஸ்ட் 10 அன்று தொடங்கிவைக்கப்பட்டது. ஸ்வராஜ் தீவு, லிட்டில் அந்தமான், கார் நிக்கோபார், கமோர்ட்டா, கிரேட் நிக்கோபார் என்று தெற்கே வரை அதன் கிளைகள் போகின்றன. தூரம் அந்த 71,000-த்தில் ஒரு சிறு பங்காகக் குறைந்தது, மௌனமும் போய்விட்டது. இவ்வளவு தூரத்தில் இருக்கும் ஒரு தமிழ்க் குடும்பத்தின் பேச்சில் அந்த இடைவெளி இல்லாமல் போனது எனக்குச் சின்ன விஷயமாகத் தோன்றவில்லை.

எங்கள் பேரூராட்சியில் பள்ளி, ஆரம்ப சுகாதார நிலையம், அலுவலகம் எல்லாவற்றையும் ஃபைபரால் இணைக்கலாம் என்று பேச்சு நடக்கிறது. ரிங் போட்டால் அறுந்தாலும் வேலை செய்யும் என்கிறார்கள். நம்பலாமா?
– வார்டு உறுப்பினர், தென்காசி மாவட்டம்

நம்பலாம், ஒரு நிபந்தனையோடு. அந்த நிபந்தனையை நான் கற்றுக்கொண்ட இடத்தைச் சொல்கிறேன்.

பல வருஷங்களுக்கு முன் ஒரு நகரத்தில் பதினோரு கட்டிடங்களை வளையமாக இணைக்கும் வரைபடத்தைப் போட்டது நான். வளையத்தின் நன்மை எளிது. எந்த இடத்தில் அறுந்தாலும் தகவல் எதிர்ப்பக்கமாகச் சுற்றி வந்துவிடும். காகிதத்தில் கேபிள் ஒரு சாலை வழியாகப் போய் இன்னொரு சாலை வழியாகத் திரும்பியது. ஓடைப் பாலத்துக்குப் பக்கத்தில் மட்டும், சுமார் நாற்பது மீட்டர், இரண்டு குழாய்களையும் ஒரே குழியில் இறக்கிவிட்டார்கள். இரண்டு தடவை தோண்டும் கூலி மிச்சம் என்று ஒப்பந்ததாரர் நினைத்தார். அந்த நாற்பது மீட்டர் மூடப்பட்ட அன்று நான் களத்தில் இல்லை. மறுநாள் போய்ச் சாலைக்கு மேலிருந்து பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டேன்.

மூன்று வருஷம் கழித்து, ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் குடிநீர்க் குழாய்க்காக ஜே.சி.பி. அந்த ஓரத்தில் இறங்கியது. ஒரே வாரலில் இரண்டும் போயின. இரண்டு பக்கமும் ஒரே இடத்தில் அறுந்தால் எதிர்ப்பக்கம் எங்கிருந்து வரும்? பாலத்துக்கு அந்தப் பக்கம் இருந்த ஐந்து கட்டிடங்கள் ஒன்பது மணி நேரம் துண்டாகிக் கிடந்தன. அதில் ஒன்று மருத்துவமனை. ஸ்கேன் படங்களைப் பென்டிரைவில் ஏற்றி, ஒரு பையனை பைக்கில் அனுப்பிக்கொண்டிருந்தார்கள். சேற்றுக் குழியில் இறங்கி நாற்பத்தெட்டு இழைகளையும் அன்று இரவு நான்தான் ஜாயிண்ட் அடித்தேன். அந்தக் கையெழுத்துக்காக எனக்கு இன்றும் வருத்தம் இருக்கிறது.

ஆகவே, உங்கள் ஊரில் ரிங் போட்டால் இரண்டு பாதைகளும் எங்கேயாவது ஒன்றாகப் போகின்றனவா என்று நீங்களே நடந்து பாருங்கள். பாலம், ரயில்வே கேட், அலுவலக வாசல், இந்த மூன்று இடங்களில்தான் அவை வந்து சேரும். பாலம் ஒன்றே ஒன்றுதான் என்றால் ஒரு பாதையைச் சாலைக்கு இடப்புறமும் மற்றதை வலப்புறமும், அல்லது ஒன்றைக் கம்பம் வழியாகவும் கொண்டுபோகச் சொல்லுங்கள். குழியின் ஆழத்தை மூடுவதற்கு முன் டேப் வைத்து அளந்து, அளவு தெரியும்படி போட்டோ எடுத்து வையுங்கள். தொலைத்தொடர்பு கேபிளுக்கு 165 சென்டிமீட்டர் என்பது பழைய அரசுத் துறை அளவு, பாறை இருந்தால் குறையும். போட்டோவுக்குக் கீழே, பாலத்தின் கைப்பிடிச் சுவரிலிருந்து எத்தனை மீட்டர் தள்ளி என்று எழுதி, ஒரு நகலைப் பேரூராட்சியில் குடிநீர்ப் பிரிவிலும் கொடுங்கள். தோண்டப்போவது அவர்கள்தான். தோண்டுவதற்கு முன் கேபிள் உரிமையாளருக்குத் தகவல் சொல்ல 2023 மார்ச் 22-ல் மத்திய அரசு 'கால் பிஃபோர் யூ டிக்' என்ற செயலியைத் தொடங்கியிருக்கிறது. உங்கள் ஊர் ஜே.சி.பி. ஓட்டுநர்களின் போனில் அது இருக்கிறதா என்று இந்த வாரமே கேளுங்கள். வரைபடம் தயாரானதும் ஒரு நகலை இதழ் முகவரிக்கு அனுப்பினால், பாதைகள் எங்கே சேருகின்றன என்று சிவப்புப் பேனாவால் குறித்துத் திருப்பி அனுப்புகிறேன்.